டைனோதேரியத்தின் தந்தங்கள் ஏன் கீழ்நோக்கி வளைந்தன?

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். கூர்ப்புப் பாடத்தின்போது, யானையின் பழைய உறவினங்களுள் ஒன்றான டைனோதேரியம் என்னும் அழிந்துபோன சாதியின் (பேரினத்தின்) மண்டையோட்டுப் படத்தை மாணவர்களுக்குக் காட்டினேன். அதன் மேற்றாடையில் தந்தமென்று எதுவுமில்லை. கீழ்த்தாடையின் நுனி நிலத்தை நோக்கி மடிந்து, அதிலிருந்து இரண்டு தந்தங்கள் கீழாகவும் சற்றே பின்புறமாகவும் வளைந்திருக்கின்றன.

படத்தைப் பார்த்ததும் மாணவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் விடை தேடுகிறேன். எங்கள் காடுகளில் திரியும் யானைகளில் பெண் யானைகளுக்கு வெளியே தெரியும் தந்தம் கிடையாது. ஆண்களிலும் தந்தமுள்ள கொம்பன் அரிது, தந்தமில்லாத அலியனே மிகுதி. இலங்கை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் பத்து ஆண் யானைகளில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை. தந்தமில்லாமலே இவை மரத்தைச் சாய்க்கின்றன, பட்டையை உரிக்கின்றன, வாழைத் தோட்டத்தை ஓர் இரவில் முடித்துவிடுகின்றன. அப்படியானால் டைனோதேரியத்துக்கு இத்தகைய தந்தம் எதற்கு என்று கேட்கிறார்கள். பல நூல்களில் “வேர்களைத் தோண்டப் பயன்பட்டது” என்ற ஒரே வரிதான் இருக்கிறது. அதற்குச் சான்று என்ன என்பதை எங்கும் எழுதவில்லை. ஊகத்தைச் சொல்லி மாணவர்களை அனுப்ப மனம் வரவில்லை. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் சான்றை வைத்து யாராவது விளக்க முடியுமா?

நெடுங்கேணியான்:

வணக்கம் ரீச்சர். நான் துறைசார்ந்தவன் அல்லன். காட்டோரத்தில் தோட்டம் செய்பவன். இருந்தாலும் தோண்டுதல் என்ற விளக்கத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் எண்ணம். ஆவணி, புரட்டாதி வறட்சியில் ஆறுகள் வற்றிக் கிடக்கும்போது யானைகள் மணலைக் காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி ஊற்று நீர் எடுப்பதை எங்கள் பக்கத்தில் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆபிரிக்காவிலே தந்தமுள்ள யானைகள் உப்பு மண்ணைத் தந்தத்தால் குத்திப் பெயர்த்துத் தின்கின்றன. முன்னோக்கி வளைந்த தந்தத்தாலேயே மண்ணைப் பெயர்க்க முடியுமென்றால், நேரே கீழ்நோக்கி வளைந்த தந்தம் அந்த வேலைக்கு இன்னும் வாய்ப்பாக அல்லவா இருக்கும்? இயற்கை ஒரு கருவியை நிலத்தைப் பார்த்து அமைத்திருக்கும்போது, அது நிலத்துக்கே உரியது என்று எண்ணுவதுதான் இயல்பு.

பல்லும் எலும்பும்:

ரீச்சருடைய கேள்விக்கு மூன்று இடங்களிலிருந்து சான்று எடுக்கலாம்: தந்தத்தில் உள்ள தேய்மானம், கடைவாய்ப்பற்களின் அமைப்பு, உடலின் உயரம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நெடுங்கேணி அண்ணை சொல்லும் விளக்கம் நிற்காது என்றே நான் கருதுகிறேன்.

முதலில் தேய்மானம். தந்தத்தால் மண்ணைத் தோண்டும் விலங்குக்கு அதன் நுனிதான் முதலில் தேயும். மணற்றுகள்கள் நுனியைச் சுற்றிக் கீறல்களை விட்டிருக்கும். டைனோதேரியத்தின் தந்தங்களில் தேய்மானம் பெரும்பாலும் உட்பக்கத்திலும் பின்பக்கத்திலும் காணப்படுகிறது. அதாவது, இரண்டு தந்தங்களுக்கு இடையிலும் அவற்றுக்குப் பின்னாலும் ஏதோ ஒன்று மீண்டும் மீண்டும் உரசிச் சென்றிருக்கிறது. 2001இல் பல்கேரிய ஆய்வாளர்கள் இந்த விலங்கின் முகத்தோற்றத்தை மறுபடியும் வரைந்து காட்டியபோது இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மரத்தின் கீழே நின்று இலைகளை எட்டும்போது வழியில் குறுக்கிடும் கிளைகளைத் தந்தங்களால் கொளுவித் தாழ்த்தவும் விலக்கவும் முறிக்கவும் செய்திருக்கும். பிறகு தும்பிக்கை இலைகளைப் பறித்து வாய்க்குக் கொண்டு சென்றிருக்கும். தாடையைக் கிளைக்கு மேலாக வைத்துத் தலையைக் கீழிழுக்கும்போது, தந்தத்தின் பின்பக்கமும் உட்பக்கமும்தான் மரத்தில் உரசும் என்பதால், தேய்மானம் இருக்கும் இடத்துக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

இரண்டாவது பற்கள். என் பார்வையில் தந்தத்தைவிடப் பற்களே இங்கு வலுவான சாட்சி. இன்றைய யானைக்கு ஒவ்வொரு தாடைப் பாதியிலும் ஒரு நேரத்தில் ஒரு பெரிய கடைவாய்ப்பல், கூடினால் இரண்டின் பகுதிகள், வேலையில் இருக்கும். அது தேய்ந்து முன்பக்கமாக உதிர, பின்னாலிருந்து அடுத்த பல் நகர்ந்து வரும். வாழ்நாளில் இப்படி ஆறு தொகுதிகள். பல்லின் முடியும் உயரமானது. இறுதிக் கடைவாய்ப்பல்லில் இருபதுக்கும் மேற்பட்ட மிளிரித் (பல்லின் கடினமான மேற்பூச்சு) தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். மண் ஒட்டிய புல்லை அரைத்து அரைத்துத் தேய்வதற்கென்றே அமைந்த பல் அது.

டைனோதேரியத்தின் வாய் முற்றிலும் வேறு. வளர்ந்த விலங்கில் ஒவ்வொரு தாடைப் பாதியிலும் இரண்டு முன்கடைவாய்ப்பற்களும் மூன்று கடைவாய்ப்பற்களுமாக ஐந்து பற்கள் ஒரே சமயத்தில் வேலை செய்தன. பால்பல் விழுந்து நிலையான பல் கீழிருந்து மேலாக முளைக்கும் முறையே அதற்கும் இருந்தது, நமக்கும் அப்படித்தான். பல்லின் முடி தாழ்வானது. அதன் மேற்பரப்பில் குறுக்காக இரண்டு கூரிய மேடுகள், வயலில் அடுத்தடுத்துப் போட்ட வரப்புகளைப் போல ஓடும். முதலாம் கடைவாய்ப்பல்லில் மட்டும் மூன்று. மேற்பல்லின் மேடும் கீழ்ப்பல்லின் மேடும் ஒன்றையொன்று கடந்து செல்லும்போது இலை வெட்டுப்படும். இந்த ஐந்தில் முன்புறமுள்ளவை நசுக்குவதற்கும் பின்புறமுள்ளவை வெட்டுவதற்கும் பயன்பட்டன.

இப்படிப்பட்ட தாழ்ந்த பல்லை வைத்துக்கொண்டு, மண்ணோடு கூடிய வேரையும் கிழங்கையும் தின்று ஒரு விலங்கு நெடுங்காலம் வாழ முடியாது. தேய்ந்த பல்லுக்குப் பின்னால் அடுத்த பல் காத்திருக்கவில்லை. டைனோதேரியக் குடும்பத்தின் பற்கள் 2 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிய மாற்றமின்றி இந்த வடிவத்திலேயே தொடர்ந்தன. உடல் பெருத்தது, பல் உயரவில்லை. மென்மையான இலையே கடைசிவரை உணவாக இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றைக் கேட்க முடியாது.

மூன்றாவது உயரம். *டைனோதேரியம் ஜைகாண்டியம்* என்னும் ஐரோப்பிய இனத்தின் வளர்ந்த ஆண்கள் தோளளவில் 3.6 மீற்றர் முதல் 4 மீற்றர் வரை உயர்ந்து, 8.8 தொன் முதல் 12 தொன் வரை எடை கொண்டிருந்ததாக 2016இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. எங்கள் பெரிய அலியன்கள் 3 மீற்றரை எட்டுவதே பெரிது. கால்கள் நீண்ட அந்த விலங்கு, நின்ற நிலையில் தந்த நுனியை நிலத்தில் பதிக்கத் தலையை வெகுவாகத் தாழ்த்த வேண்டியிருந்திருக்கும். அந்த உயரமும் நீண்ட கால்களும் மேலேயுள்ள கிளைகளுக்கே வசதியானவை.

மன்னார்க் கரை:

இந்த விலங்கைப் பற்றி அறிஞர்கள் தடுமாறிய கதை தனியே சொல்லத்தக்கது. பிரெஞ்சு அறிஞர் குவியே, தனித்துக் கிடைத்த பற்களை மட்டும் பார்த்துவிட்டு, குறுக்கு மேடுகள் தாபிர் என்னும், குட்டையான தும்பிக்கை கொண்ட விலங்கின் பல்லை ஒத்திருப்பதால், இது பேருருவத் தாபிர் என்று முடிவு செய்தார். 1829இல் ஜேர்மனியின் எப்பல்ஸ்ஹைம் என்ற ஊரில் கிடைத்த தாடையை வைத்து யோகான் காவுப் அதற்குப் புதிய சாதிப் பெயரைச் சூட்டினார். சில ஆண்டுகள் கழித்து அதே ஊரில் மண்டையோடு முழுமையாகக் கிடைத்தது. ஆனால் உடலின் பிற எலும்புகள் கைக்கு வராததால், ஆளுக்கொரு உடலைக் கற்பனை செய்துகொண்டார்கள்.

அவற்றுள் எனக்குப் பிடித்தது ஒக்ஸ்போர்ட்டின் வில்லியம் பக்லண்ட் சொன்னது. இத்தனை பாரமான கீழ்த்தாடையைத் தரையில் சுமந்து திரிவது கடினம் என்பதால் இது ஆற்றிலும் ஏரியிலும் வாழ்ந்திருக்கும் என்றும், நீரடித் தாவரங்களைத் தந்தங்களால் கிளறி எடுத்திருக்கும் என்றும், இரவில் உறங்கும்போது அதே தந்தங்களைக் கரையில் கொளுவித் தலையை நீருக்கு மேலே வைத்துக்கொண்டு மிதந்திருக்கும் என்றும் 1836இல் எழுதினார். ரீச்சர் குறிப்பிட்ட “வேர்களைத் தோண்டப் பயன்பட்டது” என்ற வரியின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீரில் வாழ்ந்த விலங்கு என்ற கருத்து கைவிடப்பட்ட பிறகும், அதற்குத் துணையாகச் சொல்லப்பட்ட தோண்டும் தந்தம் மட்டும் நூலுக்கு நூல் பெயர்ந்து வந்துவிட்டது.

இன்னொரு பிரெஞ்சு அறிஞரான பிளேன்வில், இது கடற்பசுக்களுக்கு நெருங்கியது என்றார். எங்கள் மன்னார்க் கடலில் இன்று மிக அரிதாகிவிட்ட, கடற்பசு வகையான கடற்பன்றியின் கூட்டத்தில் அவர் இதைச் சேர்த்தது வேடிக்கையாகத் தோன்றலாம். கடற்பன்றியின் மோவாய் கீழ்நோக்கி வளைந்திருப்பதை அறிந்தவர்களுக்கு அவர் ஏன் அப்படி எண்ணினார் என்பது விளங்கும். கால் எலும்புகள் கிடைத்தபின் இது யானை வரிசையைச் சேர்ந்த தரைவாழ் விலங்கு என்பது உறுதியாயிற்று. ஆனால் யானைகளும் கடற்பசுக்களும் பொது மூதாதையரிலிருந்து பிரிந்த நெருங்கிய கிளைகள் என்பதை இன்றைய மரபணு ஆய்வும் உயிர்ச்சுவடுகளும் ஏற்கின்றன. வன்னிக் காட்டு யானைக்கும் மன்னார்க் கடற்பன்றிக்கும் இருக்கும் உறவை ரீச்சர் அதே வகுப்பில் சொல்லலாம். மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

நெடுங்கேணியான்:

தேய்மானம் உட்பக்கத்திலும் பின்பக்கத்திலும் இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டாலும், அது கிளையால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? மரப்பட்டையை உரிக்கும்போதும் அதே பக்கங்கள்தானே தேயும்? நிற்கும் மரத்தின் பட்டைக்குள் நுனியைச் செலுத்தி, தலையைக் கீழ்நோக்கி இழுத்தால், நார்நாராகப் பட்டை கழன்று வரும். எங்கள் யானைகள் தும்பிக்கையும் பல்லும் கொண்டு சிரமப்பட்டுச் செய்யும் வேலையை அது ஒரே இழுப்பில் செய்திருக்கலாம். வறட்சிக் காலத்தில் இலை உதிர்ந்தபிறகு யானைக்குப் பட்டை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டில் உரிந்து நிற்கும் மரங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

பல்லும் எலும்பும்:

பட்டை உரித்தல் என்பதை மறுக்க என்னிடம் வலுவான காரணம் இல்லை, அண்ணை. பட்டை உரிப்பதையும் கிளை தாழ்த்துவதையும் தேய்மானத்தால் மட்டும் பிரித்தறிவது கடினம். ஒரு கருவி ஒரே வேலைக்குத்தான் பயன்பட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கூரிய குறுக்கு மேடுகளுள்ள பல் பட்டையையும் ஓரளவு வெட்டும். ஆனால் பட்டையே முதன்மை உணவாக இருந்திருந்தால் நார்ப்பொருளை நீண்ட நேரம் அரைக்கும் அகன்ற பரப்புத் தேவைப்பட்டிருக்கும். பற்களின் அமைப்பு வெட்டுதலுக்கே சாய்கிறது. ஆகவே இலை முதன்மை, பட்டை துணை என்று வைத்துக்கொள்வது பொருத்தம்.

தும்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல். தும்பிக்கையில் எலும்பு இல்லையாதலால் அது உயிர்ச்சுவடாகக் கிடைப்பதில்லை. மண்டையோட்டில் மூக்குத் துளை பெரிதாகவும் பின்னோக்கி நகர்ந்தும் இருப்பதைக் கொண்டே அதை அறிகிறோம். யானையின் தும்பிக்கையைப் போல அது நீண்டும் மெலிந்தும் இருந்ததா, குட்டையாகவும் தடித்தும் இருந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வளவு உயரமான விலங்கு நீர் குடிப்பதற்கேனும் போதிய நீளம் இருந்திருக்க வேண்டும். இணையத்தில் காணப்படும் படங்களில் யானையின் தலையை அப்படியே வைத்துத் தந்தத்தை மட்டும் கீழ்த்தாடைக்கு மாற்றி வரைந்திருப்பார்கள். அவற்றை வகுப்பில் காட்டாமலிருப்பது நல்லது. டைனோதேரியத்தின் நெற்றி யானையினுடையதைப் போல உயர்ந்து நிற்காது. மண்டையோடு நீண்டு, மேற்பகுதி தாழ்ந்து தட்டையாக இருக்கும்.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அனைவருக்கும் நன்றி. தேய்மானம் இருக்கும் பக்கத்தைப் பார்த்துச் செயலை ஊகிக்கும் முறையை நாளையே வகுப்பில் செய்துகாட்ட எண்ணியிருக்கிறேன். இதிலிருந்து இன்னொரு கேள்வி எழுகிறது. இத்தனை கோடி ஆண்டுகள் ஒரே பல்லோடு வெற்றிகரமாக வாழ்ந்த விலங்கு ஏன் அழிந்தது? அதே ஆசியாவில் யானை எப்படித் தப்பியது? டைனோதேரியம் எங்கள் நிலத்திலும் வாழ்ந்திருக்கக் கூடுமா?

பல்லும் எலும்பும்:

காலத்தையும் இடத்தையும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். இந்தக் குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினர் எதியோப்பியாவின் சில்கா பகுதியில் கிடைத்தது. வயது ஏறத்தாழ 2 கோடியே 70 இலட்சம் ஆண்டுகள். ஆபிரிக்க நிலம் ஆசியாவோடு இணைந்தபின் இவ்வரிசை விலங்குகள் வடக்கே பரவின. சற்றே சிறிய உடல் கொண்ட புரோடைனோதேரியம் முதலில் பரவியது. அதன் வழியில் மத்திய மயோசீன் காலத்தில் டைனோதேரியம் தோன்றியது (மயோசீன் என்பது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரையான காலம்). இன்றைய யானை இதன் வழித்தோன்றல் அன்று. இரண்டும் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்துவிட்ட கிளைகள்.

எங்களுக்கு மிக அருகில் வாழ்ந்தது *டைனோதேரியம் இண்டிகம்*. குசராத்தின் கம்பாத்து வளைகுடாவிலுள்ள பிரம் தீவில் கிடைத்த உயிர்ச்சுவட்டைக் கொண்டு ஹியூ பால்கனர் 1845இல் அதற்குப் பெயரிட்டார். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இமயமலை அடிவாரத்தில் பரந்துள்ள சிவாலிக் படிவுகளிலும் இது கிடைக்கிறது. ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இத்துணைக்கண்டத்தில் அதன் தடம் மறைந்துவிடுகிறது.

ஏன் என்பதற்கு விடை சொல்ல உயர்தர உயிரியலில் ரீச்சர் கற்பிக்கும் ஒளித்தொகுப்புப் பாடமே உதவும். மரங்களும் செடிகளும் பெரும்பாலும் சீ மூன்று (C3) வழியில், அதாவது முதலில் மூன்று காபன் அணுக்கள் கொண்ட சேர்வையை உண்டாக்கி, ஒளித்தொகுப்புச் செய்பவை. வெப்பநாட்டு மேய்ச்சற் புற்களில் பெரும்பாலானவை நான்கு காபன் சேர்வையில் தொடங்கும் சீ நான்கு (C4) வழியைச் சேர்ந்தவை. சீ நான்கு தாவரங்கள், காபனின் பாரமான சமதானியாகிய (அதே மூலகத்தின் நிறை கூடிய வகையாகிய) காபன் பதின்மூன்றை, சீ மூன்று தாவரங்களைவிடச் சற்றுக் கூடுதலாகச் சேமிக்கின்றன. அந்த விகிதம் தின்னும் விலங்கின் பல் மிளிரியிலும் பதிந்துவிடும். பழைய மண்ணில் படிந்த காபனேற்றிலும் (சுண்ணாம்புப் படிவிலும்) பதிந்துவிடும். ஆகவே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய பல்லைக் கொண்டு, அந்த விலங்கு இலை தின்றதா புல் தின்றதா என்று கணிக்க முடிகிறது. இந்த முறைக்கு ஒரு விதிவிலக்கை மாணவர்களிடம் சொல்லுங்கள்: நெல்லும் புல்லினமே, ஆனால் அது சீ மூன்று வகை. எங்கள் வயலை மேயும் யானையின் பல் மிளிரியை வருங்காலத்தில் ஒருவர் ஆராய்ந்தால், நெல்லுக்குப் பெரும் நட்டத்தை உண்டாக்கிய அந்த யானை மரத்திலை தின்று வாழ்ந்ததாகவே தோன்றும். சோளமும் கரும்பும் தின்ற யானைதான் அகப்படும்.

சிவாலிக்கின் பழைய மண்ணைச் சோதித்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஏறத்தாழ 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அங்கே சீ நான்குப் புல்வெளிகள் விரைவாகப் பரவியதை 1989இல் வெளியிட்டார்கள். காடு குறைந்து புல் பெருகிய அந்தக் காலமும் டைனோதேரியம் இத்துணைக்கண்டத்தில் மறைந்த காலமும் ஒன்றையொன்று அடுத்து வருகின்றன. யானையின் முன்னோர்கள் ஆபிரிக்காவில் இதே காலகட்டத்தில் புல்லுக்கு மாறினார்கள். பல்லின் உயரமும் தகடுகளின் எண்ணிக்கையும் அதன்பின் ஏறிக்கொண்டே போயின. எங்கள் யானை இன்றும் இரண்டையும் தின்கிறது. கோடையில் இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் நீர் வற்றும்போது குளத்து வெளியில் முளைக்கும் பசும்புல்லுக்கு இறங்கி வருவதும், மழை காலத்தில் காட்டுக்குள் இலைதழை தின்பதும் அந்த இரட்டைத் திறமையால்தான். டைனோதேரியத்துக்கு முதலாவது வழி அடைபட்டிருந்தது.

ஆனால் புல் பரவியது, உடனே டைனோதேரியம் அழிந்தது என்று இதை ஒரே வரியில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆபிரிக்காவிலும் அதே புல் பரவியது. அங்கே *டைனோதேரியம் போசாசி* என்ற இனம் ஏறத்தாழ 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. சுற்றியிருந்த யானைகள் எல்லாம் புல்லுக்கு மாறியபின்னும் இது மட்டும் கடைசிவரை சீ மூன்று உணவையே தின்றது என்பதைக் கிழக்காபிரிக்கப் பற்களின் மிளிரி காட்டுகிறது. ஆற்றோரக் காடுகள் எஞ்சியிருந்த இடங்களில் அதற்குப் போதிய இலை கிடைத்திருக்க வேண்டும். அதாவது, புல்வெளி பரவியதும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் கதை முடிந்துவிடவில்லை. காட்டுத்துண்டுகள் எவ்வளவு பெரியவை, ஒன்றோடொன்று எவ்வளவு தொடர்புள்ளவை என்பதைப் பொறுத்து முடிவு பிந்தியிருக்கிறது. தன்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் இதன் எலும்புகள் கற்கருவிகளோடு ஒரே படையில் கிடைத்திருக்கின்றன. எங்கள் மூதாதையர் இந்த விலங்கைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

கல்லும் மண்ணும்:

எங்கள் நிலத்தில் வாழ்ந்திருக்குமா என்ற கேள்விக்குப் பாறைகளின் பக்கத்திலிருந்து விடை சொல்கிறேன். வன்னியின் பெரும்பகுதிக்கு அடியிலுள்ளவை கேம்பிரியனுக்கு முந்திய உருமாறிய பாறைகள். புவியியலாளர் இலங்கையின் இந்தப் பாறைக் கூட்டத்துக்கு “வன்னித் தொகுதி” என்றே பெயரிட்டிருக்கிறார்கள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழத்தில் வெந்து உருமாறிய கல்லில் முலையூட்டியின் எலும்பைத் தேடுவதில் பயனில்லை. முலையூட்டிகள் தோன்றுவதற்கு முன்பே அந்தக் கல் உருவாகிவிட்டது.

டைனோதேரியத்தின் காலமான மயோசீனைச் சேர்ந்த பாறை வடக்கே இருக்கிறது. அது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக வெட்டப்பட்ட அந்தக் கல் மன்னார்ப் பக்கமாகப் புத்தளம்வரை கரையோரம் நீள்கிறது. ஆனால் அது ஆழமற்ற கடலின் அடியில் படிந்த கல்; அதில் சிப்பியும் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளும் கிடைக்கும். தரையில் இலை தின்ற விலங்கின் எலும்பு ஆற்றுவெள்ளத்தில் அடிபட்டுக் கடலில் சேர்ந்திருந்தாலொழிய அங்கே அகப்படாது. அதே நேரம், எலும்பு கிடைக்காததற்கும் விலங்கு வாழாததற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கல் காட்டுகிறது. மயோசீனில் இங்கே தரையாக இருந்த பகுதிகளில் அக்காலத்து ஆற்றுப் படிவுகள் எஞ்சவில்லை. எஞ்சாத படிவில் எதுவும் கிடைக்காது. அதனால் “இங்கே வாழவில்லை” என்று மாணவர்களுக்குச் சொல்வதும் சரியாகாது.

இலங்கையில் பெரிய தாவரவுண்ணிகளின் உயிர்ச்சுவடுகள் கிடைத்த இடம் இரத்தினபுரி. மாணிக்கக் கற்களுக்காகத் தோண்டும் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம், பழைய யானை ஆகியவற்றின் பற்களும் எலும்புகளும் வெளிவந்தன; அவற்றை விவரித்துப் பெயரிட்டவர் பி. ஈ. பி. தெரணியகலை. ஆனால் அவை பிளைத்தோசீன் காலத்தவை, அதாவது கடந்த ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்குள் அடங்கியவை. கடல்மட்டம் 100 மீற்றருக்கும் மேலாகத் தாழ்ந்த காலங்களில் பாக்குநீரிணை நிலமாகி, இந்தியாவிலிருந்து விலங்குகள் நடந்து வந்தன. அதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே துணைக்கண்டத்து டைனோதேரியம் மறைந்துவிட்டதால், இரத்தினபுரித் தொகுதியில் அது இல்லாதது வியப்பன்று.

முத்தையன்கட்டு வாசகன்:

இந்த உரையாடலைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எங்கள் ஊரில் வாய்க்கால் துப்புரவின்போது ஒரு பெரிய பல் கிடைத்தது. நீளம் ஒரு சாணுக்கு மேல். மேற்பரப்பில் குறுக்காக நெருக்கமான கோடுகள் பல இருக்கின்றன. கைபேசியில் தேடிப் பார்த்த ஒரு தம்பி இதை டைனோதேரியத்தின் பல் என்று உறுதியாகச் சொல்கிறார். குறுக்கு மேடுகள் என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்ததும் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. எப்படிப் பிரித்தறிவது?

பல்லும் எலும்பும்:

நெருக்கமான கோடுகள் பல என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. டைனோதேரியத்தின் பல்லில் இரண்டு மேடுகளே இருக்கும், சிலவற்றில் மூன்று. அவற்றுக்கிடையே விரல் வைக்கக்கூடிய அளவு அகன்ற பள்ளம் இருக்கும். பல்லும் ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். உங்கள் கையிலிருப்பது நீண்டு, தகடுகள் நெருங்கி அடுக்கப்பட்டது. அது யானையின் கடைவாய்ப்பல். தேய்ந்த பரப்பில் ஒவ்வொரு கோடும் ஒடுங்கிய மிளிரி வளையமாகச் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஐயமே வேண்டாம்.

அது அண்மைக்கால யானையினுடையதா, பழையதா என்பது வேறு கேள்வி. கையில் எடுத்தால் கல்லின் பாரம் இருக்கிறதா, நிறம் உள்ளேவரை மாறியிருக்கிறதா, எந்த ஆழத்தில் எத்தகைய மண்ணில் கிடந்தது என்பவை அதற்குத் தேவை. கழுவித் துலக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான். அளவுகோலை அருகில் வைத்து மேற்பரப்பு, பக்கவாட்டு, வேர்ப்பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து இங்கே இடுங்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். முன்பக்கத் தகடுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன, தகடுகள் மொத்தம் எத்தனை என்பது தெரிந்தால், ஆறு தொகுதிகளில் அது எத்தனையாவது, அந்த யானைக்கு ஏறத்தாழ என்ன வயது என்பதையும் சொல்ல முயல்கிறேன்.